உறங்கும் நெல்

மார்ச் 1, சனி

இந்த டைரி நான் வாங்கியதல்ல. இரண்டு நாள் பயிற்சி முகாமின் முடிவில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அட்டையில் சூரியகாந்தி. தினமும் நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை இதில் எழுத வேண்டுமாம். ஒரு மாதம் எழுதினால் வேலையில் மனநிறைவு தானாக வருமாம். சொன்னவர் சட்டைக் காலரில் மைக் மாட்டியிருந்தார். விதைப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேலாக முளைத்த நெல்லையும் முளைக்காத நெல்லையும் எண்ணி எண்ணி, கண்ணால் பார்க்காத எதையும் நம்பும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிற்று.

"கண்ணை மூடிக்கங்க. உங்க வேலையால பயன் அடைஞ்ச ஒருத்தரோட முகத்தை நினைச்சுப் பாருங்க" என்றார். எல்லாரும் மூடினார்கள். நானும் மூடினேன். ஒரு முகமும் வரவில்லை.

வராது. எங்களிடம் வரும் விதை மாதிரிகளில் பெயர் இருக்காது. குறியீட்டு எண் மட்டும்தான். யாருடைய விதை என்று தெரிந்தால் எண்ணுகிறவரின் கை வளைந்துவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. முகம் தேடச் சொன்னதால் எழுதுகிறேன்.

நன்றி: மதியச் சாப்பாட்டில் அப்பளம் நமுத்துப்போகவில்லை. மற்ற இரண்டும் தோன்றவில்லை.

மார்ச் 3, திங்கள்

நாச்சியப்பன் போன் செய்தான். வேளாண் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவன். இப்போது ஒரு தனியார் விதை நிறுவனத்தில் பெரிய பதவி. அவர்களின் தர ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்க ஆள் வேண்டுமாம். போன மாதமே கேட்டான். நான் பிடி கொடுக்கவில்லை.

"தமயந்தி, இன்னும் எத்தனை வருஷம் அங்க உக்காந்து நெல்லை எண்ணுவ? இங்க வந்தா உனக்குக் கீழ பதினஞ்சு பேர். லேப் பூரா ஏசி. நீ நெல்லைக் கையால தொடவே வேண்டாம்."

"தொடவே வேண்டாமா?"

"வேண்டாம்ங்கிறேன்!"

உலகத்திலேயே பெரிய வரத்தைக் கொடுப்பவன் மாதிரி சொன்னான். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் நான். நாச்சியப்பன் என் பதிவேட்டைப் பார்த்துத்தான் செய்முறைத் தேர்வில் தேறினான். இதை எழுதியிருக்க வேண்டாம்.

இரவு வீட்டில் இவரிடம் கேட்டேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டே, "உனக்குப் பிடிச்சதைச் செய்" என்றார். பிடித்தது எது என்று தெரிந்தால் நான் ஏன் இவரிடம் கேட்கிறேன்?

மார்ச் 4, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. நன்றி.

மார்ச் 6, வியாழன்

இன்று நடக்கக் கூடாத ஒன்று நடந்தது. ஒரு விவசாயி எங்கள் ஆய்வகத்துக்குள் வந்துவிட்டார்.

காவலாளி தடுத்திருக்கிறார். வந்தவர் கையிலிருந்த குடையைப் பார்த்து வழி விட்டாராம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். சோதனை முடிவின் நகலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"என் நெல்லு செத்துப்போச்சுன்னு எழுதுன புண்ணியவதி யாரும்மா இங்க?"

உதவி அலுவலர் ஜோஸ்பின் என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பெயர் தையல்நாயகி. ஊர் வடகுறிச்சி. அந்த ஊரில் விதைப்பண்ணை போட்ட முதல் பெண் அவர்தானாம். சம்பா விதை நெல். தை மாதக் கடைசியில் அறுத்தது. முளைப்புத்திறன் போதவில்லை, விதைக்குத் தகுதியில்லை என்று நாங்கள் முடிவு அனுப்பியிருக்கிறோம். கீழே என் கையெழுத்து.

"இங்க நேர்ல வரக் கூடாதும்மா. விதைச் சான்று அலுவலகத்துல மனுக் கொடுங்க" என்றேன். விதிப்படி நான் பேசலாமென்று இருப்பது அவ்வளவுதான்.

"மனு குடுத்தேன். அடுத்த மாசம் பாக்கலாம்னாங்க. நாளான்னைக்கு சனிக்கெழம மில்லு லாரி வருது. வெதைக்கு ஆகாதுன்னா அரிசியாத்தான போவணும்? அரைச்சப்புறம் அடுத்த மாசம் என்னாத்தப் பாப்பீங்க, தவுட்டையா?"

ஜோஸ்பின் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சோத்துக்கு நெல்லு போடுறவங்க ஊரு பூரா இருக்காங்க. வெத நெல்லு போடுறவன்னா அது தனி. கலப்புப் பயிரைப் புடுங்கிப் புடுங்கி என் இடுப்பு போச்சு. 'பொம்பளைக்கு எதுக்கு வெதப்பண்ணை'ன்னு கேட்ட என் கொழுந்தனாரு நேத்து வீட்டு வாசல்ல நின்னு சிரிச்சிட்டுப் போறாரு. இந்தத் தடவ போச்சுன்னா அடுத்த வருசம் எனக்குப் பண்ணை தரமாட்டாங்க. எப்பேர்ப்பட்ட நெல்லு தெரியுமா அது? அறுத்துப் போட்ட அன்னைக்கு மழ புடிச்சுக்கிச்சு. ரெண்டு நாளு களத்துல நனைஞ்சு கெடந்துச்சு. ஊருல எல்லா நெல்லும் தார்ப்பாய்க்கு அடியில மொளவிட்டு நாறிப்போச்சு. என்னுது ஒண்ணு மொளைக்கல! ஒத்த மணி மொளைக்கல! அப்புடி இருந்துச்சு, தங்கமாட்டம்."

தண்ணீர் கேட்டார். கொடுத்தோம். குடித்துவிட்டு எழுந்தார். "உசுரோட இருக்குற நெல்ல செத்துப்போச்சுன்னு எழுதிப்புட்டு உங்களுக்குச் சோறு எறங்குதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இறங்கியது. தயிர் சாதம் முழுவதும் சாப்பிட்டேன்.

இரவு டப்பாவைக் கழுவிக்கொண்டே இவர், "ஏன் பாதி அப்படியே இருக்கு? புளிச்சுப்போச்சா?" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் அரிசி களையும்போது கை நின்றுவிட்டது.

ஒத்த மணி முளைக்கவில்லை.

நல்ல நெல் இரண்டு நாள் நனைந்து கிடந்தால் முளைக்க வேண்டும். அது முளைக்கவில்லை என்றால் செத்திருக்க வேண்டும், அல்லது உறங்கியிருக்க வேண்டும். நீண்ட காலச் சம்பா ரகங்கள் சிலவற்றில் அறுத்த புதிதில் விதை சில வாரம் உறங்கும். அப்போது தண்ணீர் காட்டினாலும் எழாது. மழையில் களத்தில் கிடக்கும்போது விவசாயியைக் காப்பாற்றுவது அந்த உறக்கம்தான். அதே உறக்கம் எங்கள் முளைப்பு அறைக்குள் சாவு போலத் தெரியும். இதை நான் முதுகலை இரண்டாம் ஆண்டில் படித்தேன். தேர்வில் எழுதவும் எழுதினேன்.

அலுவலகத்துக்கு அரை மணி முன்னதாகப் போய்விட்டேன். ஜோஸ்பின் வந்ததும் கேட்டேன்.

"அந்தச் சம்பா மாதிரி. முளைக்காததை எல்லாம் அழுத்திப் பாத்தியா?"

கூழாக நசுங்கினால் செத்த விதை. கெட்டியாக நின்றால் உயிரோடு உறங்கும் விதை. இரண்டுக்கும் முடிவுத்தாளில் தனித்தனிக் கட்டம் உண்டு.

அவள் முகம் மாறியது. "இல்ல மேடம். எப்பவும் அறுத்து மூணு மாசம் கழிச்சுத்தான மாதிரி நம்மகிட்ட வரும்? உறக்கமெல்லாம் அதுக்குள்ள தெளிஞ்சிருக்கும். உறங்குற விதைக் கட்டத்துல பூஜ்யம் போட்டுப் போட்டே பழக்கமாயிடுச்சு. இதையும் செத்ததுலயே சேத்துட்டேன்." பேனாவை என் பக்கம் நகர்த்தி, "தப்பு என்னோடது மேடம். என் பேரைப் போட்டு எழுதிடுங்க" என்றாள்.

விதை சுத்திகரிப்பு நிலையத்தில் கிடங்கு காலியாக வேண்டும் என்று இந்த முறை மாதிரியை அவசரமாக எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அறுவடைத் தேதி தாளிலேயே இருந்தது. முகாமுக்குப் போகும் அவசரத்தில் ஒரு கட்டுத் தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டவள் நான். பூஜ்யத்தைப் பார்த்து ஏன் என்று கேட்க வேண்டியது என் வேலை. அந்த வேலைக்குத்தான் எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும்.

சான்று அலுவலருக்குப் போன் செய்தேன்.

"மேடம், ரிப்போர்ட் உங்க கையெழுத்துல வந்திருக்கு. இப்ப நீங்களே சந்தேகம்னா நாங்க யாரை நம்புறது?"

"எழுத்துல தர்றேன் சார். லாரியை மட்டும் நிறுத்துங்க."

"நிறுத்துறேன். ஆனா மறுபடியும் முளைக்கலன்னா நீங்கதான் மேல பதில் சொல்லணும்."

கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் ஒரு நாள் முன்கூட்டியே மகளிர் தினம் கொண்டாடினார்கள். கோலப்போட்டி முடிந்து எனக்கும் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா வந்தது. மூடி சரியாகப் பொருந்தவில்லை. கடிதத்தில் ஜோஸ்பின் பெயரைப் போடவில்லை.

மாலை நாச்சியப்பனிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "உன் ரிப்போர்ட் தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தியா? அதுவும் கிளம்பப்போற நேரத்துல? யாராவது செய்வாங்களா?" என்றான். கிளம்பப்போகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கைக் காப்பாக எடுத்து வைத்திருப்போம். சம்பாவின் காப்பு மாதிரியைப் பிரித்து, ஐம்பது டிகிரி வெப்ப ஓவனில் வைத்தேன். ஐந்து நாள் காய்ந்த சூட்டில் இருந்தால் உறக்கம் தெளியும், உறக்கம்தான் என்றால். வேறு எதுவாகவாவது இருந்தால் ஐந்து நாள் சூடு பண்ணிய செத்த நெல் மிஞ்சும்.

நெல்லைக் கையில் எடுத்து ரொம்ப நாளாகிவிட்டது. மேற்பார்வை என்று வந்த பிறகு பேனாதான் எடுக்கிறேன். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். எடை பார்ப்பதற்காக.

மார்ச் 12, புதன்

மின்தடை. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. ஓவனின் சூடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நானும் ஜோஸ்பினும் மாறி மாறி மின்வாரியத்துக்குப் போன் செய்தோம். "ஆஸ்பத்திரியாம்மா?" என்று கேட்டார்கள். "கிட்டத்தட்ட" என்றாள் ஜோஸ்பின்.

மின்சாரம் சீக்கிரமே வந்துவிட்டது. நன்றி. இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

மார்ச் 17, திங்கள்

விதைகளை ஈர முளைப்புத் தாள்களில் வைக்கும் நாள். ஒரு விஷயம் உறுத்தியது. இந்த மாதிரி யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர் முகம் தெரியும். குடை தெரியும். இது முளைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். விரும்புகிறவள் எண்ணக் கூடாது. வளைந்த நாற்று, அரைகுறை வேர் எல்லாவற்றையும் "சரி, நல்லதுதான்" என்று சேர்க்கச் சொல்லும் மனசு.

ஜோஸ்பினிடம் சொன்னேன். "இதுக்குப் புது எண் போடு. இன்னைக்கு வைக்கிற மத்த மூணு சம்பா மாதிரியோட கலந்து வச்சிரு. எது எதுன்னு என்கிட்ட சொல்லாத."

"கேட்டா?"

"கேட்டாலும் சொல்லாத."

"நீங்க கேப்பீங்க மேடம்."

"நான் கேக்கமாட்டேன்."

மார்ச் 19, புதன்

கேட்டேன். சொல்லவில்லை. நல்ல பெண்.

மார்ச் 22, சனி

முதல் எண்ணிக்கை. நான்கு தட்டுகளில் மூன்றில் வெள்ளை வேர்கள் தாளைத் துளைத்து இறங்கியிருந்தன. பச்சை ஊசிகள் எழுந்து நின்றன. நான்காவது தட்டில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மீதி எல்லாம் வைத்தபடி கிடந்தன.

அதுதான் என்று தோன்றியது. ஜோஸ்பின் முகத்தைப் பார்த்தேன். சீட்டாட்டக்காரியைப் போல வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து இட்லிக்கு மாவாட்டினேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

நாச்சியப்பனிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள்.

மார்ச் 27, வியாழன்

இவர், "அந்தக் கம்பெனி வேலைக்குப் பதில் சொல்லிட்டியா?" என்றார்.

"நேரம் இல்ல."

"ஒரு 'சரி' சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

எழுந்து போய்த் துணி மடித்தேன். இவர் பின்னாலேயே வந்து போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக மடித்து முடித்தோம். பிறகு, "நாலாவது தட்டு எப்படி இருக்கு?" என்றார். நான்காவது தட்டைப் பற்றி இவரிடம் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை. தினமும் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான் விடுமுறை. ஆனால் இறுதி எண்ணிக்கை இன்றுதான். விதைக்கு விடுமுறை தெரியாது. ஆய்வகத்தைத் திறந்து உள்ளே போனால் ஜோஸ்பின் எனக்கு முன்பே வந்து விளக்கைப் போட்டிருந்தாள்.

தட்டு தட்டாக எடுத்து எண்ணினேன். வேர், தண்டு, இலை. நல்ல நாற்று ஒரு பக்கம், குறையுள்ளது ஒரு பக்கம். முளைக்காத ஒவ்வொன்றையும் இடுக்கியால் அழுத்திப் பார்த்தேன். முதல் மூன்று தட்டுகளும் தேறின. ஒன்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்.

நான்காவது தட்டு. எடுத்து மேசையில் வைத்தேன். முளைக்காத முதல் விதையை அழுத்தினேன். கூழ். அடுத்தது. கூழ். எல்லாமே கூழ். ஒன்றாவது கெட்டியாக நிற்காதா என்று ஒவ்வொன்றையும் அழுத்தினேன். ஒன்றுகூட நிற்கவில்லை. செத்த விதைகளின் கட்டத்தில் எண்ணை எழுதினேன். என் கையெழுத்து கோணலாக வந்தது. அதை அடித்துவிட்டு நேராக எழுதவும் இல்லை.

"முடிச்சிட்டேன். சொல்லு" என்றேன்.

ஜோஸ்பின் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தாள். அவசரப்படவே இல்லை. எனக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

"ரெண்டாவது தட்டு மேடம்."

இரண்டாவது தட்டு. தொண்ணூறைத் தாண்டிய தட்டு. அதை எண்ணும்போது நான் எண்ணிக்கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நாற்றுகள் அடர்ந்து, ஒரு சின்ன நாற்றங்கால் மாதிரி நின்றுகொண்டிருந்தன. இப்போது பார்த்தேன்.

ஜோஸ்பின் அழுதாள். நான் அழவில்லை. மூக்குக்கண்ணாடியில் முளைப்பு அறையின் ஈரம் படிந்துவிடும், துடைத்துத்தான் ஆக வேண்டும்.

வெளியே வந்து கதவைப் பூட்டும்போதுதான் நான்காவது தட்டின் நினைவு வந்தது. அதுவும் யாரோ ஒருவருடையது. அவர் எந்த ஊரோ, எப்படிப் பேசுவாரோ. அதை நான் சரியாகத்தான் எண்ணினேன். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத்தான் எழுதினேன். அவருக்கு நான் செய்யக்கூடியது அதுதான். இத்தனை வருடமாக எல்லாருக்கும் செய்துகொண்டிருந்ததும் அதுதான் என்று தோன்றியது. முகாமில் கண்ணை மூடியபோது முகம் வராததற்கு வருத்தப்பட்டிருக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்திருந்தது. இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

இன்று மாதக் கடைசி. நாச்சியப்பன் அழைத்தான். இன்னும் சில நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். "எதுக்கு?" என்றான். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

திருத்திய முடிவு நேற்றே சான்று அலுவலகத்துக்குப் போய்விட்டது. இன்று தையல்நாயகி வந்தார். காவலாளி தானாகவே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

நன்றி சொல்ல வந்திருப்பார் என்று நினைத்து, பதிலுக்கு அடக்கமாக என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். தேவைப்படவில்லை.

"இத அன்னைக்கே சரியாப் பாத்திருந்தா எனக்கு இத்தன நாளு தூக்கம் போயிருக்குமா? கிட்டங்கிக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பு ஒண்ணு அந்துபோச்சு."

"தப்பு எங்களோடதும்மா" என்றேன்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவருக்குச் சண்டை கிடைக்காத ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆபீசரு சொன்னாரு, நெல்லு தூங்கிக்கிட்டு இருந்துச்சாம்ல?"

"ஆமா. நீங்க அன்னைக்கு மழையில ஒண்ணும் முளைக்கலன்னு சொன்னீங்க இல்ல? அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது."

"நான் சொன்னதுலயா?" என்று கேட்டுவிட்டு யோசித்தார். "நான் பெருமைக்குல்ல சொன்னேன்!" பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "எங்க கொழுந்தனாருகிட்டச் சொன்னேன். தூங்குன நெல்ல சூடு வச்சு எழுப்பியிருக்காங்க, உங்களயும் ஒரு நாளு கொண்டுபோயி அந்த அடுப்புல வச்சாத்தான் புத்தி மொளைக்கும்னேன்."

ஜோஸ்பின் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. வாய்விட்டே சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று அவள் பிறகு சொன்னாள்.

இரண்டாவது தட்டின் நாற்றுகளை எறியாமல் வைத்திருந்தேன். காட்டினேன். தையல்நாயகி பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு விரலை மட்டும் நீட்டி இலை நுனிகளின் மேல் மெதுவாக ஓட்டினார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பண்ணை தொடர்ந்து எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க. வர்ற தையிலயும் அறுத்துக் குடுப்பேன். அப்ப இது மாதிரி ஆவாதுல்ல? நீங்கதான இருப்பீங்க?"

"இருப்பேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. ஜோஸ்பின் எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஆனா ஒண்ணு," என்று தையல்நாயகியிடம் சொன்னேன், "அடுத்த தடவ உங்க மாதிரி எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நீங்க இங்க வரவும் கூடாது."

"வந்தா?"

"வெளிய அனுப்பிருவேன்."

"பாப்போம், பாப்போம்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் நாச்சியப்பனுக்கு எழுதினேன். நீளமாக எழுத உட்கார்ந்து, நான்கு வரியில் முடிந்தது. நினைவு வைத்து என்னைக் கேட்டதற்கு நன்றி, எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று எழுதினேன். பதிலுக்கு, "உனக்குப் பைத்தியம்" என்று அனுப்பினான். கொஞ்ச நேரம் கழித்து, "பதிவேட்டுக்கு இப்பவாவது தேங்க்ஸ்" என்று இன்னொன்று. அவனும் மறக்கவில்லை போலிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். "இதுக்குத்தான் இவ்வளவு நேரமா?" என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. டீ போட்டு வந்து மேசையில் வைத்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

டைரியை ஒரு மாதம் எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். மாதம் முடிந்துவிட்டது. மனநிறைவு தானாக வரும் என்றவரின் கூற்றை நான் இன்னும் ஏற்கவில்லை. அது தானாக வரவில்லை. ஓவனும் மின்வாரியமும் ஜோஸ்பினின் வாயடக்கமும் ஒரு குடையும் தேவைப்பட்டன.

முடிவுத்தாளில் எப்போதும் பூஜ்யம் விழும் அந்தக் கட்டத்துக்கு இன்று ஒரு புதிய வழக்கம் ஏற்படுத்தினோம். பூஜ்யம் போடுகிறவர் அழுத்திப் பார்த்ததற்குச் சாட்சியாகத் தன் சுருக்கொப்பமும் பக்கத்தில் வைக்க வேண்டும். நானும் இனி தினமும் ஒரு மணி நேரம் எண்ணுவேன். ஜோஸ்பின் எனக்கென்று ஓர் இடுக்கியை எடுத்து வைத்திருக்கிறாள். பழையதுதான், ஆனால் முனை நன்றாகச் சேர்கிறது.

இன்று பதினோரு புதிய மாதிரிகள் வந்தன. எண்கள் மட்டும். யாருடையவை என்று தெரியாது.

டீ சுமார். நன்றி.